எரிந்தது போக மிச்சம் – அயர்லாந்தில் பூட்டனைத் தேடும் கதை

1922 ஜூன் 30, வெள்ளிக்கிழமை. டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் இருக்கிற ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகம் வெடித்துத் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தை ஏற்காத ஐ.ஆர்.ஏ.காரர்கள். வெளியே இருந்து பீரங்கியால் சுட்டவர்கள், போன வருஷம் வரைக்கும் அவர்களோடு தோளோடு தோள் நின்று சண்டை போட்ட பழைய சகாக்கள். அந்த வளாகத்துக்குள்ளேதான் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகமும் இருந்தது. பல நூற்றாண்டுக் காகிதம். கருகிய துண்டுகள் நகரம் பூராவும் பறந்து போய் விழுந்தன. யார் வைத்த வெடி என்ற சண்டை நூறு வருஷம் தாண்டியும் ஓயவில்லை, அதுக்குள்ள நாம போக வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒரு பேச்சு பரவிவிட்டது. "அயர்லாந்துக்காரனுக்கு முன்னோரைத் தேடவே முடியாது, எல்லாம் எரிஞ்சு போச்சு." அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற அயர்லாந்து வம்சாவளிக்காரர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு வரியோடு தேடலை விட்டுவிடுவார்களோ என்னவோ. ஆனால் நிஜம் இதைவிடச் சிக்கலானது, சொல்லப்போனால் இதைவிட சுவாரஸ்யமானது. எது எரிந்தது, எது தப்பியது, தப்பினது ஏன் தப்பியது என்று பார்த்துக்கொண்டே போனால் அந்த நாட்டு சரித்திரமே வந்துவிடுகிறது.

முதலில் சென்ஸஸ். அயர்லாந்தில் 1821-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனத்தொகைக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்திருக்கிறது. 1821, 31, 41, 51 ஆகிய நான்கும் அந்தத் தீயில் போயின, சில ஊர்க் கட்டுகள் மட்டும் தப்பின. அப்போ 1861, 71, 81, 91? அவை தீயில் போகவே இல்லைங்க. 61, 71 இரண்டையும் அரசாங்கமே உத்தரவு போட்டு அழித்தது. 81-ஐயும் 91-ஐயும் முதல் உலகப் போர் சமயத்தில் காகிதத் தட்டுப்பாடு என்று கூழாக அரைத்துவிட்டார்கள். வெடிகுண்டு நாலு சென்ஸஸைத் தின்றது, குமாஸ்தா நாலு சென்ஸஸைத் தின்றான். ஆனால் கெட்ட பெயர் மட்டும் வெடிகுண்டுக்கு! முழுசாக மிஞ்சிய பழைய சென்ஸஸ்கள் 1901, 1911 இரண்டும்தான். இரண்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சுதந்திர அயர்லாந்து எடுத்த முதல் கணக்கான 1926-ஐ நூறு வருஷம் பூட்டி வைத்து 2026-ல் திறப்பது என்பது சட்டம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பஞ்ச காலத்தில், அதாவது 1845-க்கும் 1852-க்கும் நடுவில் கப்பலேறிப் போன ஒருத்தருடைய கொள்ளுப்பேரன் தேடுகிறான். 1901 சென்ஸஸ் அவனுக்கு எதுக்கு உதவும்? அங்கிருந்து அரை நூற்றாண்டு பின்னால் போகணும். அதற்கு இரண்டே பாலம். ஒன்று கோயில் புத்தகம், இன்னொன்று நிலப் புத்தகம்.

கோயில் புத்தகத்தில் ஒரு வினோதம் இருக்கிறது. அயர்லாந்தில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஆனால் அரசாங்கத்தின் சபை, அயர்லாந்துத் திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபை. மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்குதான் அதில் இருந்தார்கள். 1869-ல் சட்டம் போட்டு அதன் அரசு அந்தஸ்தை எடுத்தார்கள். அதன் பிறகு அந்தச் சபையின் பழைய ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவேடுகள் எல்லாம் பொது ஆவணங்கள் என்று அறிவிக்கப்பட்டன. பத்திரமாக இருக்கட்டுமே என்று பாதிக்கு மேற்பட்ட பங்குகளின் புத்தகங்கள் டப்ளினுக்கு வந்து சேர்ந்தன. எங்கே? ஃபோர் கோர்ட்ஸுக்குத்தான். எல்லாம் சாம்பல். எங்கள் ஊர்லயே நல்ல பெட்டி இருக்கு, நாங்களே வச்சுக்கிறோம் என்று அனுமதி வாங்கி வைத்துக்கொண்ட பங்குகளின் புத்தகங்கள் மட்டும் தப்பின.

கத்தோலிக்கப் புத்தகங்களை யாரும் கேட்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர்களுக்கு எதிரான சட்டங்கள் ஒரு பெரிய கட்டு இருந்தன. நிலம் வாங்கக் கூடாது, பதவிக்கு வரக் கூடாது, பாதிரியார் இப்படி இருக்கணும் அப்படி இருக்கணும் என்று. அந்தச் சட்டங்கள் தளர்ந்த பிறகும் அவர்கள் சபையின் பதிவேட்டை அரசாங்கம் ஆவணமாகவே மதிக்கவில்லை. அதனால் அது பங்குத்தந்தையின் அலமாரியிலேயே கிடந்தது. கிடந்ததால் பிழைத்தது. மதிக்கப்பட்டவன் புத்தகம் எரிந்துபோய், மதிக்கப்படாதவன் புத்தகம் தப்பித்த கதை. இதைக் கதையாக எழுதினால் ரொம்ப செயற்கையா இருக்குன்னு சொல்லிடுவாங்க :-)

இரண்டு அமெரிக்க ஜனாதிபதிகளை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். ரொனால்ட் ரீகனின் கொள்ளுத்தாத்தா மைக்கேல், டிப்பரரி மாவட்டத்து பாலிபோரீன் ஊர்க்காரர். கத்தோலிக்கர். 1829 செப்டம்பர் 3 அன்று அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு அந்தப் பங்கின் புத்தகத்தில் இருக்கிறது. 1984 ஜூனில் ரீகன் அந்த ஊருக்கே வந்து அதைப் பார்த்தார். பராக் ஒபாமாவுக்கு அம்மா வழியில் ஒரு முன்னோர் ஃபால்மத் கியர்னி. மனிகால் என்ற ஊரில் செருப்புத் தைக்கும் குடும்பம், 1850-ல் அமெரிக்கா போனவர். அவர்கள் அயர்லாந்துத் திருச்சபைக்காரர்கள். நியாயமாகப் பார்த்தால் எரிந்திருக்க வேண்டிய புத்தகம். ஆனால் அந்த வட்டாரத்துப் பதிவேடு டப்ளினுக்குப் போகாமல் உள்ளூரிலேயே இருந்ததால், 2007-ல் அங்கே இருந்த பாதிரியார் ஸ்டீபன் நீல் அதைப் புரட்டி கியர்னி குடும்பத்தைக் கண்டுபிடித்தார். 2011 மே மாதம் ஒபாமா வந்து மனிகாலில் கின்னஸ் குடித்த படம் உலகம் பூரா வந்ததே, அதற்குப் பின்னால் இருப்பது பெட்டியை விட்டு வெளியே போகாத ஒரு புத்தகம்.

கத்தோலிக்கப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 1950-களில் இருந்து ஊர் ஊராகப் போய் மைக்ரோஃபிலிம் எடுத்தது. 2015 ஜூலையில் அத்தனையும் இலவசமாக இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள், 3,70,000-க்கும் மேற்பட்ட பக்கப் படங்கள். பெரும்பாலும் 1880 வரைக்கும். நகரங்களில் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்துவிடும். மேற்கே, ஏழைப் பிரதேசத்தில், 1820, 1830, சில இடங்களில் 1850-க்குப் பிறகுதான் முதல் பக்கமே. எங்கே அதிகம் பேர் செத்தார்களோ, அங்கே புத்தகம் தாமதமாக ஆரம்பிக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் தலை சுற்றும். மை மங்கியிருக்கும், பாதிரியார் கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருக்கும், பல ஊரில் லத்தீன். ஜேம்ஸ் என்றால் ஜாக்கோபுஸ், வில்லியம் என்றால் குலியெல்முஸ், நோரா என்றால் ஹொனோரியா. ஐரிஷ் மொழியில் டைக் என்று கூப்பிட்ட பையன் லத்தீனில் ததேயுஸ் ஆகி, இங்கிலீஷில் டிமதி ஆகியிருப்பான். மூன்று பெயர், ஒரே ஆள். ஆனால் ஒரு பெரிய வரம் உண்டு. ஞானஸ்நானப் பதிவில் அம்மா பெயரை அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதுவார்கள். கூடவே ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர். அவர்கள் பெரும்பாலும் மாமன், அத்தை, சித்தி என்று சொந்தமாகவே இருப்பார்கள். ஒரு குழந்தையின் வரியில் இரண்டு குடும்பத்து ஆட்கள் நிற்கிறார்கள்.

பெயர் வைப்பதிலும் ஒரு வழக்கம். முதல் பையனுக்கு அப்பாவுடைய அப்பா பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவுடைய அப்பா பெயர். முதல் பெண்ணுக்கு அம்மாவுடைய அம்மா. பேரன் என்ற சொல்லை வைத்திருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள் என்று இல்லை, ஆனாலும் பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதிப் பார்த்தால் தாத்தா பெயரை ஊகிக்கலாம். இதிலேயே பெரிய தலைவலியும் இருக்கிறது. ஒரு தாத்தா பாட்ரிக், அவருக்கு ஐந்து மகன்கள், ஐந்து பேரும் மூத்தவனுக்கு பாட்ரிக் என்று வைத்தால்? ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வயசில், ஒரே குடும்பப் பெயரில் ஐந்து பாட்ரிக். இதில் உங்க பாட்ரிக் யாரு?

இந்த இடத்தில்தான் நிலம் வேணும்.

அயர்லாந்தில் 'டவுன்லேண்ட்' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து டவுன் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் டவுனும் இருக்காது, கடையும் இருக்காது. சில வயல், சில வீடு, அவ்வளவுதான். நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேல் டவுன்லேண்டுகள். ஒருத்தன் எங்கே பிறந்தான் என்ற கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். இதற்கு மேலே பங்கு, அதற்கு மேலே பேரனி, அதற்கு மேலே மாவட்டம். அதுலயும் குழப்பம்: அரசாங்கம் கணக்கு வைத்த பங்கின் எல்லை வேறு, கத்தோலிக்கப் பங்கின் எல்லை வேறு, பெயரும் பல இடத்தில் வேறு. போதாக்குறைக்கு கில்மோர் மாதிரி ஒரே பெயரில் நாடு முழுக்க டவுன்லேண்டுகள். சுதந்திரத்தை ஒட்டி கிங்ஸ் கவுன்டி ஆஃபலி ஆகிவிட்டது, குவீன்ஸ் கவுன்டி லீஷ் ஆகிவிட்டது. பழைய பெயரில் தேடணும்.

கப்பலேறினவர்கள் இதையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. "எந்த ஊரு தாத்தா?" "கார்க்." அவ்வளவுதான். கார்க் மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் டவுன்லேண்ட். அதனால் அனுபவசாலிகள் எல்லோரும் சொல்வது, அயர்லாந்துப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் போன ஊர்ப் புத்தகத்தைத் தீர்த்துவிடு என்பது. கல்லறைக் கல், கல்யாணப் பதிவு, குடியுரிமை மனு. பாஸ்டனில் வந்த 'பைலட்' பத்திரிகையில் 1831-லிருந்து தொண்ணூறு வருஷம் போல 'ஆளைக் காணோம்' விளம்பரங்கள் வந்தன. அண்ணனைத் தேடும் தம்பி, புருஷனைத் தேடும் மனைவி. பிறந்த ஊரைச் சொல்லி விளம்பரம் கொடுத்தால்தானே தெரிந்தவன் எவனாவது படித்துச் சொல்லுவான்? அந்தக் கண்ணீர் இன்றைக்கு முகவரிப் புத்தகமாக இருக்கிறது. நியூயார்க்கில் 1850-ல் ஆரம்பித்த எமிகிரன்ட் சேவிங்ஸ் பேங்க், கணக்கு வைத்திருப்பவரை அடையாளம் கண்டுபிடிக்க அவருடைய ஊர், அப்பா அம்மா, வந்த கப்பல் எல்லாவற்றையும் எழுதி வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் கையெழுத்தையா ஒத்துப் பார்க்க முடியும்?

நம்ம ஊருக்கும் இதில் ஒரு கிளை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் ஏழை அயர்லாந்துக்காரர்கள் ஏராளம். மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த ஐரோப்பியர் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஃபோர் கோர்ட்ஸில் எரிந்துபோன எத்தனையோ குடும்பங்களின் ஒரு நுனி மெட்ராஸ் பதிவேட்டில் தப்பியிருக்கலாம். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற கம்பெனிப் படை 1881-ல் பம்பாய்ப் படையோடு சேர்க்கப்பட்டு ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. அந்தப் படை கலைக்கப்பட்டதும் அதே 1922-ல்தான். (கால்டுவெல் பிறந்ததும் அயர்லாந்தில்தான், ஆண்ட்ரிம் மாவட்டம், 1814. பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கொசுறுத் தகவல்.)

நிலப் புத்தகத்துக்கு வருவோம். முக்கியமாக இரண்டு. முதலாவது தசமபாகப் புத்தகம், 1823-க்கும் 1837-க்கும் இடையில் எழுதப்பட்டது. விவசாய நிலம் வைத்திருக்கிறவன் எந்தச் சபைக்காரனாக இருந்தாலும் ஆங்கிலிக்கன் சபைக்கு தசமபாகம் கட்டணும். கத்தோலிக்கனும் கட்டணும், பிரஸ்பிட்டேரியனும் கட்டணும். தான் கால் வைக்காத கோயிலுக்கு, தனக்குப் பிரசங்கம் பண்ணாத பாதிரியாருக்கு. யார் எவ்வளவு என்று பங்கு வாரியாக, டவுன்லேண்ட் வாரியாக எழுதினார்கள். 1831 வாக்கில் ஜனங்கள் கட்டமாட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள். ஜப்திக்கு மாட்டை ஓட்டிப்போக போலீஸ், பட்டாளம். 1834 டிசம்பரில் கார்க் மாவட்டத்தில் ரயன் என்ற விதவையின் பாக்கியை வசூலிக்கப் போய்த் துப்பாக்கிச் சூடு, பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். வருமானம் நின்றுபோன பாதிரியார்கள் அரசாங்கத்திடம் நிவாரணம் கேட்டு, கட்டாதவர்கள் பட்டியலை அனுப்பினார்கள். அதில் சுமார் 29,000 பெயர்கள். கட்டினவன் பெயரும் இருக்கு, கட்டமாட்டேன்னவன் பெயரும் இருக்கு. இன்றைக்கு அந்தக் கட்டாதவர் பட்டியலில் பூட்டன் பெயரைக் கண்டுபிடித்தவர்களுக்கு வருகிற பெருமை இருக்கிறதே, பட்டம் வாங்கின மாதிரி!

இரண்டாவது, கிரிஃபித் மதிப்பீடு. ரிச்சர்ட் கிரிஃபித் டப்ளின்காரர், புவியியல் நிபுணர். 1847-லிருந்து 1864 வரைக்கும் நாட்டில் இருக்கிற ஒவ்வொரு துண்டு நிலத்தையும் கட்டடத்தையும் வரிக்காக மதிப்புப் போட்டு அச்சடித்தார்கள். தெற்கே ஆரம்பித்து வடக்கே முடிந்தது. பத்து லட்சம் பெயர்களுக்கு மேல். ஒவ்வொரு வரியிலும் அனுபவிக்கிறவன் பெயர், அவன் யாரிடம் வாரத்துக்குப் பிடித்திருக்கிறான், என்ன இருக்கிறது (வீடு, கொட்டில், நிலம்), எத்தனை ஏக்கர் எத்தனை ரூட் எத்தனை பெர்ச், மதிப்பு எத்தனை பவுன். ஓரத்தில் ஒரு எண். அந்த எண்ணை வரைபடத்தில் தேடினால் வயல் எது, வீடு எது என்று தெரிந்துவிடும். ஒரே ஊரில் இரண்டு ஜான் சல்லிவன் இருந்தால் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரோ, பெரிய, சிவப்பு என்று பட்டப்பெயரோ இருக்கும். அந்த ஐந்து பாட்ரிக் பிரச்சினைக்கு மருந்து இங்கேதான் கிடைக்கிறது. ஞானஸ்நானப் புத்தகம் சொல்லும் டவுன்லேண்டில், நிலப் புத்தகத்தில் எந்த பாட்ரிக் இருக்கிறான் என்று பார்க்கணும். ரத்தம் ஒரு புத்தகத்தில், மண் ஒரு புத்தகத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஆள் எழுந்து வருவான்.

அந்த மதிப்பு என்ற கடைசி எண் சும்மா ஒரு எண் இல்லை. ஏழைகள் நலச் சட்டத்துக்கான வரி அந்த மாதிரி மதிப்பை வைத்துத்தான். 1843-லேயே ஒரு விதி வந்துவிட்டது: மதிப்பு நாலு பவுன் அல்லது அதற்குக் கீழே இருந்தால் வரியைக் குடியானவன் கட்ட வேண்டாம், நிலச்சுவான்தார் கட்டணும். ஏழைக்குச் சகாயம் மாதிரி தெரியுதில்லையா? பஞ்சம் வந்து வரி ஏறினதும், சின்னச் சின்னக் குடியானவனை வைத்திருந்தால்தானே வரி, காலி பண்ணிவிட்டால் வரி இல்லையே என்று நிலச்சுவான்தார்கள் கணக்குப் போட்டார்கள். கூரையைப் பிரித்துப் போட்டு ஆட்களைத் துரத்தினார்கள். 1847-ல் இன்னொரு விதி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கிறவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேணுமா, நிலத்தை விடு. நிலப் புத்தகத்தில் கால் ஏக்கர், நாலு பவுன் என்று வரும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு விதியும் ஞாபகத்துக்கு வரும்.

இந்த இரண்டு புத்தகமும் எந்தெந்த வருஷத்தவை என்று பாருங்கள். தசமபாகம் பஞ்சத்துக்கு முன்னால். கிரிஃபித், பெரும்பாலான மாவட்டங்களில், பஞ்சத்தின் நடுவிலோ பின்னாலோ. 1841 சென்ஸஸில் ஜனத்தொகை 81.75 லட்சம், 1851-ல் 65.5 லட்சம். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்குக் குறையாமல் வெளியேறினார்கள். எண்ணாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. ஒரே டவுன்லேண்டின் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் தோன்றும். முன்னதில் வரிசையாகப் பத்துப் பெயர் இருக்கும், பின்னதில் ஒன்றோ இரண்டோ. அதுவும் புதுப் பெயர், பக்கத்தில் பெரிய பரப்பு, மேய்ச்சல் நிலம். பழைய பெயர்கள் எங்கே போயின என்று எந்தக் கலத்திலும் எழுதியிருக்காது.

அதோடு நிற்கவில்லை. இரண்டு புத்தகத்திலும் இடம் பிடிக்க ஒரு தகுதி வேணும், துண்டு நிலமோ குறைந்தபட்சம் ஒரு குடிசையோ தன் பெயரில் இருக்கணும். அடுத்தவன் நிலத்தில் ஒரு பருவத்துக்கு உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்த கூலிக்காரனுக்கு தசமபாகப் புத்தகத்தில் பெயர் கிடையாது. பஞ்சத்தில் முதலில் செத்தவன் அவன். கிரிஃபித்தின் ஆட்கள் வந்தபோது அவன் குடிசையே இல்லை. கத்தோலிக்கப் பாதிரியார்கள் அடக்கத்தை ஒழுங்காகப் பதிவு பண்ணும் வழக்கமும் குறைவு. மேற்கே புத்தகமே தாமதமாக ஆரம்பிக்கிறது என்று சொன்னேனே, இதற்குத்தான் சொன்னேன். முன்னோரைத் தேடுகிறவர்கள் எல்லோரும் பிழைத்தவர்களின் பிள்ளைகள். செத்தவனுக்கு, தேடி வரவும் ஆள் இல்லை, தேடினால் கிடைக்கப் புத்தகமும் இல்லை.

சில இடங்களில் நிலச்சுவான்தாரின் சொந்தக் காகிதம் கைகொடுக்கும். ராஸ்காமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் எஸ்டேட்டில் இருந்து 1847-ல் 1,490 பேரை டப்ளின் வரைக்கும் நடக்க வைத்துக் கப்பலேற்றி கியூபெக்குக்கு அனுப்பினார்கள். கடலிலும், கியூபெக் பக்கத்தில் குரோஸ் ஈல் தீவின் தனிமை முகாமிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அனுப்பின எஸ்டேட் சொந்தக்காரர் டெனிஸ் மஹோன் அதே வருஷம் நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1979-ல் அந்த மாளிகையை வாங்கிய உள்ளூர் வியாபாரி ஜிம் கேலரி, உள்ளே கிடந்த பழைய காகிதங்களைக் கழித்துக் கட்டாமல் படித்துப் பார்த்தார். க்ளூனஹீ என்ற ஊர்க் குடியானவர்கள் 1846-ல் பட்டினி தாங்காமல் எழுதின மனு கையில் கிடைத்தது. 1994-ல் அங்கேயே தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய வீடு வாங்குகிறவர்கள் பரண் மேலே இருக்கிறதைக் கடைக்காரனுக்கு எடைக்குப் போடும் முன் ஒருதரம் புரட்டிப் பார்க்கலாம்.

கிரிஃபித் முடிந்த பிறகும் மதிப்பீட்டு அலுவலகம் அதே புத்தகங்களைத் திருத்திக்கொண்டே வந்தது. குடியானவன் செத்து மகன் வந்தால் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு கலர் மை, ஓரத்தில் வருஷம். அடித்த பெயர் கட்டன் என்ற விதவை என்று மாறி, பிறகு மகன் பெயராக மாறுவதை வைத்து ஒரு சாவை இரண்டு மூன்று வருஷத்துக்குள் பிடித்துவிடலாம். 1903-ல் விண்டம் நிலச் சட்டம் வந்து குடியானவர்கள் கடன் வாங்கி நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். அப்போது நிலச்சுவான்தாரின் பெயர் இருந்த கலத்தில் கோடு விழுந்து, 'எல்.ஏ.பி.' என்று ஒரு முத்திரை விழும். நிலச் சட்டப்படி வாங்கியது என்று அர்த்தம். மூணே எழுத்துதான். அதைப் பார்ப்பதற்காக டப்ளின் வரைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

(கடைத்தெருவில் குடும்பப் பெயரைச் சொன்னால் சின்னம் பொறித்த காபிக் கோப்பை கொடுப்பார்கள். அந்தச் சின்னங்கள் தனி ஆளுக்குக் கொடுக்கப்பட்டவை, பெயர் உள்ள எல்லோருக்கும் இல்லை. காசை மிச்சம் பண்ணி கிரிஃபித் பாருங்க.)

கடைசியாகப் பென்ஷன் கதை. 1909 ஜனவரியிலிருந்து எழுபது வயசானவர்களுக்கு வாரம் அதிகபட்சம் ஐந்து ஷில்லிங் முதியோர் பென்ஷன். அயர்லாந்தில் எல்லோருக்கும் பிறப்புப் பதிவு கட்டாயமானதே 1864-ல்தான். அப்போ எழுபது வயசுக்காரனிடம் சான்றிதழ் ஏது? 1839 ஜனவரி 6 ராத்திரி நாட்டையே புரட்டிப்போட்ட ஒரு புயல் அடித்தது, 'பெருங்காற்று ராத்திரி' என்று சொல்வார்கள். அந்தக் காற்று ஞாபகம் இருக்கு என்று கிழவர்கள் எல்லோரும் அதிகாரியிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். 1901 சென்ஸஸில் ஐம்பத்தாறு என்று எழுதினவர் 1911-ல் எழுபதைத் தாண்டியிருப்பார். தேடுகிறவர்கள் 1911 வயசை நம்பாமல் இருப்பது உத்தமம் :-)

ஆதாரம் வேணும் என்று அதிகாரிகள் கேட்டதும் இன்னொரு வழி கிடைத்தது. 1841, 1851 சென்ஸஸ் அப்போது டப்ளின் காப்பகத்தில் இருந்தனவே. விண்ணப்பதாரர் அப்பா பெயர், அம்மா பெயர், டவுன்லேண்ட், பங்கு, பேரனி எல்லாம் எழுதி அனுப்புவார். அங்கே ஒரு குமாஸ்தா அலமாரியில் இருந்து சென்ஸஸ் கட்டை இறக்கிப் பார்த்து, அந்த வீட்டில் இன்ன வயசில் இந்தக் குழந்தை இருந்தது, அல்லது அப்படி ஒரு குடும்பமே காணவில்லை என்று படிவத்தில் எழுதுவார். ஆயிரக்கணக்கில் இப்படித் தேடினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தக் கட்டுகள் எல்லாம் எரிந்தன. படிவங்கள் எரியவில்லை. இன்றைக்கு டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் இருக்கின்றன. ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு கிழவி கேட்ட கேள்விக்கு குமாஸ்தா எழுதின பதிலில்தான் 1841-ல் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பது மிஞ்சியிருக்கிறது.